கோவிவன் என்றொரு நாய்

எங்கள் வீட்டில் மாடுகளுக்குப் பேர் வைத்ததில்லை. நிறம்தான் பேர். மயிலை, செவலை, காரி. ஒரு செவலை போய் அடுத்த வருசம் இன்னொரு செவலை வந்தால் அதற்கும் அதே பேர்தான். நாய்க்கு மட்டும் தவறாமல் பேர் உண்டு. மணி. அந்த மணி செத்தால் அடுத்து வரும் குட்டியும் மணி. யோசித்துப் பார்த்தால் அதுவும் பேர் இல்லை, ஒரு பதவி.

அதனால்தான் சில வருசங்களுக்கு முன்னால் ஒரு பழைய நூலகத்தில் ‘செங்கம் நடுகற்கள்’ தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வந்த புத்தகம் அது. திருவண்ணாமலை மாவட்டத்தில், அன்றைய செங்கம் வட்டாரத்தில் சேர்ந்த எடத்தனூர் என்ற ஊரின் நடுகல் ஒன்று அதில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்ட கல், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி. எருமைகளைக் காக்கப்போன இடத்தில் கருந்தேவக்கத்தி என்ற ஆள் செத்துப்போனான் என்பது செய்தி. இதுவரை எல்லா நடுகல்லும் சொல்லும் சங்கதிதான். ஆனால் கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய்க்குத் தனியாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள். அதன் பேர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் இருந்தது.

அவ்வளவுதான் வாசகம். புகழ்ச்சி கிடையாது, உவமை கிடையாது. ஏதோ ஊர்க்காரர் ஒருவர் நடந்ததைச் சொல்ல, உளிக்காரர் அப்படியே இறக்கிவிட்டதைப் போல இருக்கிறது. எனக்கு அதில் பிடித்ததே அந்த எண்ணிக்கைதான். பலரைக் கடித்தது என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ரெண்டு பேர். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் கல்லைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தில் மாடு என்றால் என்ன என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் இருக்கிறது. வள்ளுவர் அந்தப் பொருளில் அதை எடுத்தாண்டிருக்கிறார். பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். நம் ஊர்ப் பேர்களில் பாதி பட்டியில்தான் முடிகின்றன. பாடி என்பதும் அப்படித்தான், ஆயர்பாடியைச் சொன்னால் போதும். நிலத்தில் விளைவதற்கு மழை வேண்டும், ஆறு வேண்டும், ஏரி வேண்டும். செங்கம், தருமபுரி பக்கத்துக் கரட்டு நிலத்தில் ஏரி வெட்டி நெல் விளைவித்ததெல்லாம் மெல்ல மெல்ல நடந்த கதை. அதுவரைக்கும் கையில் இருக்கும் சொத்து நாலு காலில் நடந்தது. நடக்கும் சொத்தை இன்னொருத்தன் ஓட்டிக்கொண்டு போக முடியும். நிலத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது, மந்தையை முடியும்.

தொல்காப்பியம் இதற்கு ஒரு இலக்கணமே வகுத்திருக்கிறது. ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. செத்தவனுக்குக் கல்லைத் தேடுவதில் தொடங்கி, அதை நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவது வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் இருக்கிறது. இதெல்லாம் புலவர்கள் உட்கார்ந்து கற்பனை செய்தது என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு இருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அதில் ஒரு கல் கூடல் ஊர் ஆகோளில் செத்த ஒருவனுக்காக நட்டது. ஆகோள், அதே சொல், இலக்கணத்தில் இருக்கும் அதே சொல், கல்லில். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது கண்டெடுத்தவர்களின் கணிப்பு.

நடுகற்களில் மந்தைக்குத் ‘தொறு’ என்று பேர். தொறு மீட்டுச் செத்தவனுக்கும் கல் உண்டு, தொறு கவரப்போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. திருடனா காவலனா என்று கல் பார்ப்பதில்லை, செத்தானா என்றுதான் பார்க்கிறது. நியாயம் அவரவர் ஊர் எல்லைக்குள்தான். எடத்தனூர்க் கல்லில் மட்டும் ‘கள்ளன்’ என்ற சொல் வந்துவிட்டது. காரணம் சுலபம், இது பறிகொடுக்கவிருந்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதின கல். ஓட்டிப்போக வந்தவர்கள் ஊரில் அந்த ரெண்டு பேருக்கும் ஒருவேளை வேறு பட்டம் இருந்திருக்கும். கோவிவனுக்கு அந்த ஊரில் என்ன பேரோ!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருந்தேவக்கத்தி பெரிய ஆள் இல்லை. அரசனின் கீழ் இருந்த ஒரு சிற்றரசக் குடும்பத்துக்கு வேண்டிய சேவகன். அரசன் பேர் மேலே, சிற்றரசர் உறவு அதற்குக் கீழே, அதற்கும் கீழே இவன், கடைசியில் இவனுடைய நாய். ஒரே கல்லில் ராஜா முதல் நாய் வரை நாலு படி. அதில் கடைசி ரெண்டு படியில் இருந்தவர்கள்தான் செத்ததும் கடித்ததும்.

மகேந்திரவர்மன் என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மண்டகப்பட்டில் கோயில் குடைந்தவன், தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொண்டவன். அவன் எழுதின ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சிபுரத்துத் தெருவில் நடக்கும் ஒரு நையாண்டி நாடகம். குடிபோதையில் இருக்கும் கபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். புத்த பிக்குதான் எடுத்திருக்க வேண்டும் என்று சந்தேகப்படுகிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். தத்துவம் எல்லாம் பேசுகிறார்கள். கடைசியில் பைத்தியக்காரன் ஒருவன் பாத்திரத்தோடு வந்து நிற்கிறான். அதை அவன் பிடுங்கியது ஒரு நாயிடமிருந்து. பாத்திரத்தில் இருந்த வறுத்த இறைச்சிக்காக நாய்தான் தூக்கிப் போயிருக்கிறது.

ஒரே அரசன். அவன் தலைநகரத்து நாடகத்தில் நாய் திருடுகிறது, அதற்குப் பேர் கிடையாது. அவன் ஆட்சியின் ஓரத்தில், மலையடிவாரத்துக் கல்லில், நாய் திருடனைப் பிடிக்கிறது, பேரும் இருக்கிறது. மகேந்திரனுக்கு எடத்தனூர்க் கல்லைப் பற்றித் தெரிந்திருக்க எந்த முகாந்திரமும் இல்லை. ஆட்சியாண்டு எண்ணுவதற்கு மட்டும்தான் அவன் அங்கே தேவைப்பட்டான். ஆனாலும் இந்த ரெண்டு நாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஊரில் நாயோடு வாழ்பவனுக்கும் நகரத்தில் நாயைக் கடந்துபோகிறவனுக்கும் உள்ள தூரம் அது. இன்றைக்கும் தெருநாய் பற்றி நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் அந்தத் தூரம் அப்படியேதான் இருக்கிறது.

நாய் மட்டும் இல்லை, கோழிக்கும் கல் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சேவல் கல் கிடைத்தது. முகையூர் மேற்சேரிச் சேவல் அது என்று சொல்கிற வட்டெழுத்து. மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் இன்னொன்று. அது கீழ்ச்சேரிக் கோழி, அதற்குப் பொற்கொற்றி என்று பேரே இருந்தது. ரெண்டும் சண்டைச் சேவல்கள். ரெண்டு கல்லிலும் சேரிப் பேர் முன்னால் வருவதைக் கவனியுங்கள் (சேரி என்றால் அப்போது குடியிருப்பு, அவ்வளவுதான்). ஒன்று மேற்சேரி, இன்னொன்று கீழ்ச்சேரி. இது அன்பு பற்றிய விஷயம் மட்டும் என்று நாம் உருகிவிடக் கூடாது. காலில் கத்தியோ வெறும் முள்ளோ, ஒரு உயிரை இன்னொரு உயிர்மேல் ஏவிவிட்டு, ஊரே சுற்றி நின்று கத்தி, தங்கள் தெருவின் மானத்தை அதன் கொண்டையில் கட்டிவைத்திருக்கிறார்கள். செத்ததும் கல் நட்டு அழுதிருக்கிறார்கள். ரெண்டும் ஒரே ஆட்கள்தான். நேசமும் கொடுமையும் தனித்தனி வீட்டில் குடியிருந்ததில்லை.

இதே போல ஒரு கதை எல்லை தாண்டி, கன்னட தேசத்திலும் இருக்கிறது. அதில் நம் ஊர்ச் சரித்திரமும் மாட்டிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். 949இல் தக்கோலத்தில் பெரிய போர். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் ஒரு பக்கம், சோழ இளவரசன் இராஜாதித்தன் மறுபக்கம். இராஜாதித்தன் யானைமேலேயே செத்தான். அதனால் ‘ஆனைமேல் துஞ்சினார்’ என்று நம் கல்வெட்டுகளில் அவனுக்குப் பேர். அவனைக் கொன்றவன் கங்க அரசன் பூதுகன். பூதுகனின் ஆள் ஒருவன், மணலேரன் என்று பேர், அந்தப் போரில் பெரிய வீரம் காட்டினான். என்ன வேண்டும் கேள் என்றான் பூதுகன். மணலேரன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. அரசனிடம் இருந்த ‘காளி’ என்ற நாயைக் கேட்டான்.

அந்தக் காளியை ஒரு நாள் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் விட்டார்கள். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று சேர்ந்தே விழுந்தன. மண்டியா மாவட்டம் ஆதகூரில், கோயிலுக்கு முன்னால், மணலேரன் காளிக்குக் கல் நட்டான். நாயும் பன்றியும் மோதிக்கொள்வது போலச் சிற்பம். கல்லுக்குப் பூசை செய்ய நிலமும் விட்டான். இந்த நிலத்தை அனுபவிக்கிற பூசாரி கல்லுக்குப் பூசை போடாமல் சோறு தின்றால், நாய் செய்த பாவம் எல்லாம் அவனைச் சேரும் என்று சாபம் வேறு. நாய் அப்படி என்ன பாவம் செய்திருக்கும் என்று எனக்கு அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இராஜாதித்தன் செத்த செய்தியைச் சொல்லும் முக்கியமான ஆதாரமே இந்த நாயின் கல்தான். வரலாற்றுப் புத்தகங்கள் தக்கோலத்தைப் பற்றி எழுதும்போது நாயை விட்டுவிட்டு இளவரசனை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மணலேரன் கல் வெட்டியது இளவரசனுக்காக இல்லை.

இனி இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பார்ப்போம். எனக்கு இதில்தான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது.

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும். சாகாத, மூப்படையாத பெரிய ஆடு. படித்ததும் ஏதோ புராண ஆடு என்று தோன்றும். இல்லை, அது சுத்தமான கணக்கு வழக்கு. ஒருவர் கோயிலில் நந்தாவிளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிக்க விரும்புகிறார். விளக்குக்கு நெய் வேண்டும். நெய்க்கு ஆடு விடுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. பல ஊர்களில் 90. ஆடு கோயிலில் நிற்காது. அதை ஒரு இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும், பெரிய கோயிலில் என்றால் ஆடவல்லான் என்ற அளவால். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும், ஓநாய் தூக்கும், நோய் வரும். அது எதுவும் கோயிலுக்குத் தெரியவேண்டியதில்லை. கோயில் கணக்கில் 96 என்றால் எந்நாளும் 96. இழப்பு முழுக்க இடையர் தலையில். அதனால்தான் அந்த ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை.

ஆட்டுக்குப் பதிலாக மாடும் விடலாம். பெரிய கோயில் கல்வெட்டுகளில் கணக்கு இப்படி வருகிறது: 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை. ஒரு விளக்கு. கொஞ்சம் வகுத்துப் பார்த்தேன். நாலு உழக்கு ஒரு நாழி. வருசத்துக்கு 365 உழக்கு நெய்யை 96 ஆட்டுக்குப் பங்கிட்டால், ஒரு ஆடு வருசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாழி நெய் தர வேண்டும். பசு ரெண்டு நாழிக்குக் கொஞ்சம் குறைவு. எருமை அஞ்சரை நாழிக்கும் மேலே. அதாவது நெய்க் கணக்கில் ஒரு எருமை மூன்று பசுவுக்குச் சமம். பசுவின் புனிதம் பற்றி இன்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் ஒரு தடவை ராஜராஜன் கோயில் சுவரைப் படித்துப் பார்க்கலாம். கருந்தேவக்கத்தி எருமைக்காகச் செத்தது சும்மா இல்லை.

இந்த விளக்கு ஆடுகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாக ஆளைக் கொன்றுவிட்டவனுக்கு, செத்தவன் பேரில் கோயிலில் விளக்கு எரி என்று ஊரார் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகள் பல இருக்கின்றன. கொன்றவன் ஆடு விட்டான். ஒரு மனித உயிருக்கு இத்தனை ஆடு. அந்த ஆடுகளின் நெய் தினம் தினம் எரிந்து ஒரு கொலையைக் கழுவிக்கொண்டே இருந்தது.

தஞ்சைச் சுவரில் நெய் அளக்க வேண்டிய இடையர்களின் பேர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்த ஊர், யார் மகன், அவருக்குப் பிணை நிற்கும் உறவுக்காரர் யார் யார், எல்லாம் இருக்கிறது. ஒருவர் ஓடிவிட்டால் அடுத்தவரைப் பிடிக்க வேண்டுமே. இங்கே மனிதர்களுக்குப் பேர் இருக்கிறது, கடன்காரர்கள் என்பதால். ஆடுகளுக்கு எண் மட்டும். எடத்தனூரில் நாய்க்கும் பேர் இருந்தது. நானூறு வருச இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்டால், அரசு பெரிதாகிவிட்டது என்பதுதான் என் பதில். மந்தை இருந்த இடத்தில் கணக்குப் புத்தகம் வந்துவிட்டது. வரலாற்று ஆசிரியர்கள் இதை வளர்ச்சி என்பார்கள். தப்பில்லை. பெரிய கோயிலைக் கட்டினவர்களிடம் போய் நாய்க்கு ஏன் பேர் எழுதவில்லை என்று சண்டை போட முடியாது.

அந்த இடையர்களுக்குக் கல்வெட்டுகளில் மன்றாடி என்று பேர் வரும். கொங்கில் காங்கேயம் மாட்டு இனத்தைக் காத்து வளர்த்ததில் பேர் பெற்ற பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பட்டமும் மன்றாடியார்தான். ஒரே வம்சம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சொல் ஒரு பக்கம் நெய் அளந்தே தேய்ந்தும், இன்னொரு பக்கம் பட்டமாகவும் வாழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இப்போது எங்கள் மயிலைக்கு வருகிறேன். வராமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்களிடம் ஒரு ஜோடி உழவுமாடு இருந்தது. செவலையும் மயிலையும். ஊரில் டிராக்டர் வந்து ரெண்டு மூன்று வருசம் ஆகியிருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ஒரு காலையில் முடிந்துபோகிற உழவுக்கு மாட்டை வருசம் முழுக்கத் தீனி போட்டு வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. அப்பா சந்தைக்கு ஓட்டிப் போனார். நானும் கூடப் போனேன். வியாபாரி துண்டைப் போர்த்தி அதற்குள் அப்பாவின் விரலைப் பிடித்து விலை பேசினார். என்ன விலை என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. செவலையை யாரோ வண்டி மாட்டுக்கு வாங்கினார்கள். மயிலைக்கு வயசாகியிருந்தது. லாரியில் ஏற்றினார்கள். அடிமாடு என்று எனக்குப் புரிந்தது. கேட்கவில்லை.

வித்தாலும் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவிழ்த்துக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்பா ரெண்டு கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

“எங்கடா ஓட்டிவுட்ட?”

“செவலய வண்டிக்காரன் வாங்கிக்கினான்.”

“நான் செவலயக் கேக்கல.”

அப்பா பதில் சொல்லவில்லை. ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து வழக்கம்போலத் தொழுவத்தைக் கூட்டியது, அங்கே கூட்ட ஒன்றும் இல்லாதபோதும்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் நாங்கள் ரொம்ப நல்லவர்களாகத் தெரிவோம். அதனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தி ஒரு வருசம் எங்கள் காரிப்பசு கன்று ஈன முடியாமல் செத்தது. ‘செத்துப்போச்சு’ என்று சொன்னதற்கு ஆயா என் தலையில் ஒரு குட்டு வைத்து, “தவறிப்போச்சுன்னு சொல்லு” என்றது. மனிதருக்குச் சொல்லும் சொல். மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு பழைய புடவையைப் போர்த்தி அழுதது. பிறகு காலனியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவரும் அவர் மகனும் வந்து இழுத்துப் போய்க் குழிவெட்டிப் புதைத்தார்கள். அந்த மகன் என் வகுப்பில் படித்தவன். முடித்துவிட்டு வந்து தண்ணீர் கேட்டபோது, பசுவைத் தவறிப்போச்சு என்று சொன்ன அதே ஆயா, சொம்பைக் கையில் கொடுக்காமல், குனிந்து ஏந்திய கைகளில் ஊற்றியது. அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மாட்டின்மேல் இருந்த பாசம் பொய் இல்லை. அதுதான் சிக்கல். பாசம் பொய்யாக இருந்திருந்தால் இதைப் புரிந்துகொள்வது சுலபம். செத்த மாட்டை இழுப்பதும் அதன் கறியைத் தின்பதும் ஒரு சாதியின் கடமை என்று வைத்திருந்த நாட்டில், 1927இல் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் அந்த மக்களிடம் இந்த ரெண்டையும் விடச் சொன்னார். இங்கேயும் பறையடிக்க மாட்டோம், மாடு தூக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட ஊர்கள் எத்தனையோ. கிராமத்தில் மனிதனுக்கும் விலங்குக்கும் இருந்த பந்தம் என்று பேசும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் எப்போதும் காணாமல் போய்விடுகிறது. பந்தம் இருந்தது. மாட்டோடு இருந்த அளவுக்கு மனிதனோடு இல்லை.

நடுகல்லையும் நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். கருந்தேவக்கத்திக்குக் கல் கிடைத்தது. அன்றைக்கு அந்த எருமைகளைத் தினம் மேய்த்தது யார், சாணி அள்ளியது யார், செத்த எருமையை உரித்தது யார் என்று கல் சொல்லாது. இதில் கோவிவன் அதிர்ஷ்டக்கார நாய்.

சரி, இன்றைய நிலவரம். ஜல்லிக்கட்டுக் காளை செத்தால் ஊர் திரண்டு மேளதாளத்தோடு அடக்கம் செய்வதைக் காணொளிகளில் பார்க்கிறோம். சமாதி கட்டி வருசா வருசம் கும்பிடும் ஊர்களும் உண்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் நின்ற நம்மில் பலர் அதற்கு முன் ஒரு மாட்டைத் தொட்டிருக்க மாட்டோம். நானாவது தொட்டவன், ஆனால் மயிலையைப் பற்றி அன்றைக்குப் பக்கத்தில் நின்ற யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தக் கூட்டத்தைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. இழந்தது என்ன என்று தெரியாமலே இழந்ததற்காகக் கூடி நிற்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

காளைக்குக் கூட்டம் கூடுகிறது. எருமைக்கு யாரும் வருவதில்லை. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எருமைகள் சுமார் 7.8 லட்சம். 2019இல் சுமார் 5.2 லட்சம். ஏழே வருசத்தில் மூன்றில் ஒன்று காணோம். கள்ளர் யாரும் ஓட்டிப் போகவில்லை. குளம் இல்லை, மேய்ச்சல் இல்லை, மேய்க்க ஆள் இல்லை, கறவைக்கு ஜெர்சி போதும். பதினாறு எருமையில் ஒரு விளக்கு எரிந்த நாட்டில், எங்கள் ஊரில் இப்போது மொத்தமே மூன்று எருமை.

போன பொங்கலுக்குப் போனபோது அண்ணன் வீட்டுக் கறவை மாட்டின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை தொங்கியது. பன்னிரண்டு இலக்க எண். தடுப்பூசி போட வந்தவர்கள் மாட்டியது. செயலியில் எண்ணைத் தட்டினால் ஊசி எப்போது போட்டது, சினை எப்போது பிடித்தது எல்லாம் வருகிறது என்று அண்ணன் காட்டினான். நல்ல ஏற்பாடு, கோமாரியில் மாடு சாவது குறைந்தால் யாருக்கு நல்லதில்லை? இருந்தாலும் எனக்குச் சட்டென்று 96 ஞாபகம் வந்தது. இந்த மாடு செத்தால் இந்த எண்ணை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “அத்த வேற மாட்டுக்குப் போடமாட்டாங்க. அது இதோட எண்ணு” என்றான். அதைக் கேட்டதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒரு மாட்டுக்கு, அதற்கு மட்டுமே உரிய ஏதோ ஒன்று இருக்கிறது.

சாயங்காலம் ஏரிப் பக்கம் நடந்தேன். எங்கள் பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். ஏரிக்கரை வேப்ப மரத்தடியில் ஒரு வேடியப்பன் உண்டு, எழுத்தெல்லாம் தேய்ந்து, எண்ணெய் ஏறிக் கறுத்த கல். வில் பிடித்த கை மட்டும் தெரியும். காலடியில் ஏதோ ஒரு மேடு. அது நாயா, கிண்ணமா, வெறும் கல்லா என்று பல தடவை தடவிப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். இருபது, இருபத்தைந்து ஆடு இருக்கும். கூடவே ஒரு செம்பட்டை நாய். நான் கல்லருகே குனிந்ததும் அது எழுந்து வந்து என்னைப் பார்த்து உறுமியது.

“கடிக்காது தம்பி, சும்மா நில்லு” என்றார். “ஆட்டுக்கிட்ட போனாத்தான் கடிக்கும்.”

“இதுக்கு என்னக்கா பேரு?”

“பேரா?” என்று சிரித்தார். “அதுக்கு எதுக்கு பேரு. நான் கூப்டாமலே வருது.”